நடுவாந்திரமாகக் காற்றடித்த அண்ணாச்சி

எந்த வழக்கு வந்தாலும் அதை இரண்டாக உடைத்து, ஆளுக்குப் பாதி கொடுத்து அனுப்பிவிடுவது அண்ணாச்சியின் பழக்கம். பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் உடைக்கிறவர்கூட ஓங்கும்போது கொஞ்சம் குறி பார்ப்பார். அண்ணாச்சி குறியே பார்க்க மாட்டார். அடிப்பார், பாதி.

பிள்ளைகளே, உங்களுக்கு அவரைத் தெரியாது. உங்களில் மூத்தவள் பிறப்பதற்கு முன்னால் நான் அவரிடம் டிரைவராக இருந்தேன். திருநெல்வேலி டவுனில் அவருக்குப் பருப்பு மண்டி. அவருடைய பேரை இதில் நான் எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டிருந்தால், "பாதிப் பேரப் போடு, பாதிய விட்டுரு" என்றிருப்பார். பாதிப் பேரை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? அண்ணாச்சி என்றே இருக்கட்டும்.

மண்டியில் நாற்காலி இருந்தது. ஆனாலும் உளுந்து மூட்டை மேல்தான் உட்காருவார். உட்கார்ந்தால் மூட்டை எது, அண்ணாச்சி எது என்று தெரியாது. அங்கே வைத்துத்தான் தீர்ப்பு எல்லாம். ஒரு தடவை அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். வீட்டுக்கு நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் வேண்டும் என்றான் தம்பி. சுவரே கூடாது என்றான் அண்ணன். அண்ணாச்சி இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். அண்ணன் வீட்டு ஆடு அதைத் தாண்டிப் போய்த் தம்பி வீட்டு முருங்கையைத் தின்றது. தம்பி வீட்டுக் கோழி அதைத் தாண்டி வந்து அண்ணன் வீட்டு வைக்கோலில் முட்டையிட்டது. இரண்டு பேரும் மண்டிக்கு வந்து, ஒன்று போலக் கத்திவிட்டுப் போனார்கள்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாலே? ரெண்டு பேருக்கும் என் மேல ஒரே அளவு கோவம். ஒருத்தன் சிரிச்சிட்டுப் போயி ஒருத்தன் அழுதுட்டுப் போனாத்தான் தீர்ப்பு தப்பு. ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனா, அது சரியான தீர்ப்பு."

வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்கு ஃபேன் ஐந்தில் சுற்ற வேண்டும். அண்ணாச்சிக்குச் சளி உடம்பு, ஒன்றில்தான் சுற்ற வேண்டும். மூன்றில் வைத்தார்கள். அவருக்குச் சளியும் பிடித்தது, மதினிக்கு வேர்வையும் நிற்கவில்லை.

"இவுகளோட குடும்பம் நடத்துறது அரைவேக்காட்டுச் சோறு திங்க மாரி. பசியும் அடங்காது, வயித்து வலியும் நிக்காது" என்பார் மதினி. ஊரில் அண்ணாச்சியை நேருக்கு நேராகக் கிண்டல் பண்ணியது அவர் ஒருவர்தான்.

அந்த மதினிக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கலாம், மற்ற நேரமெல்லாம் படுத்திருக்க வேண்டும். காரில் உட்கார்ந்து போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் திசையன்விளையில் இருந்த மதினியின் அக்கா, குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் போய்விடுகிற தூரம்தான். ஆனால் இவராலும் அங்கே போக முடியாது, அவராலும் இங்கே வர முடியாது. இரண்டு பேரும் போனில் பேசினார்கள். பேச்சு என்றால் சண்டைதான். சண்டை சூடு பிடிக்கும்போது அக்கா, "ஏட்டி, கேக்கலட்டி" என்று போனை வைத்துவிடுவார்.

"போன்ல சண்ட போடுறதெல்லாம் ஒரு சண்டையா?" என்று மதினி படுத்தபடியே அழுதார். "அவளுக்கும் வயசாயிட்டு, எனக்கும் இப்பிடி ஆயிட்டு. ஒரு தடவ மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துப் பேசிட்டா போதும்."

மதினி அழுது அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அண்ணாச்சியும் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார் போல. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆம்புலன்ஸ் வைப்போமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"போலே, கூறுகெட்டவனே. அவ அக்கா வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ் போய் நின்னா, நாங்க எறங்குறதுக்குள்ள தெருக்காரிய மாரடிக்க ஆரம்பிச்சிருவாளுவ."

அப்படித்தான் கேரவன் வந்தது. சினிமா நடிகர்கள் சாப்பிட, உடுத்த, படுக்க என்று வைத்திருப்பார்களே, அந்த வீட்டு வண்டி. தென்காசிப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்த வண்டி அது. படமும் பாதியில் நின்று, வண்டியும் அங்கேயே நின்றுவிட்டது. பாதியில் நின்றது என்றால் அண்ணாச்சிக்குப் பிடிக்காமல் போகுமா? வாங்கிவிட்டார். பஸ் மாதிரி நீளம். முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு டயர். உள்ளே ஒரு கண்ணாடி, அதைச் சுற்றிலும் பல்பு. தெருவில் உள்ள பெண்கள் எல்லாரும் மதினியை நலம் விசாரிக்க வந்து, கண்ணாடியில் தங்களை விசாரித்துவிட்டுப் போனார்கள். கட்டில் கடைசியில், பின்சக்கரத்துக்கும் பின்னால் இருந்தது. அந்தக் கட்டிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை அதில்தான் ஆரம்பித்தது.

டயருக்கு எவ்வளவு காற்று வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அதுவரைக்கும் கார் ஓட்டியிருக்கிறேன், மினி லாரி ஓட்டியிருக்கிறேன், வீட்டை ஓட்டியதில்லை. பஞ்சர் கடைக்காரர் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "நூத்திப்பத்துன்னு போட்டுருக்கு, நூத்திப்பத்து வச்சிருவோம்" என்றார். வைத்தோம். மதினியைப் படுக்க வைத்துப் பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு வெள்ளோட்டம் போனோம். ஒவ்வொரு குழிக்கும் உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது.

"எப்பிடி இருக்கு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வல்லநாட்டு மலையில கொண்டு வச்சு உருட்டி விட்ட மாரி இருக்கு" என்றார் மதினி.

காற்றை இறக்கினோம். அறுபதுக்கு வந்தபோது மதினி, "ஆங், இப்பந்தான் தொட்டில்ல கெடந்த மாரி இருக்கு" என்றார். ஆனால் டயரைப் பார்த்தால் கல்யாண வீட்டில் மூன்று பந்தி உட்கார்ந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி தரையில் சரிந்து கிடந்தது.

அண்ணாச்சி இரண்டையும் பார்த்தார். எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

"நூத்திப்பத்து ஒரு பக்கம். அறுவது ஒரு பக்கம். எம்பத்தஞ்சு வையிலே."

"அண்ணாச்சி, காத்துக்குமா பஞ்சாயத்து?"

"காத்துக்குன்னு தனி நியாயம் உண்டாலே?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னிடம் வேறு கணக்கும் இல்லை. வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய டயர் கடை இருந்தது, அங்கே கேட்போம் என்று கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெண் இருந்தாள். "மொதல்ல வண்டியோட எடையச் சொல்லுங்க அண்ணாச்சி. எடைக்குத் தக்கனதான் காத்து. அதுக்குப் பட்டியல் இருக்கு, பாத்துச் சொல்லுதேன்" என்றாள்.

எடை என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. எடை அவருடைய ராஜ்யம். வாழ்நாள் முழுக்க எடை போட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறார். நேராக எடைமேடைக்கு வண்டியை விடச் சொன்னார். லாரியை அப்படியே ஏற்றி எடை பார்க்கிற இரும்பு மேடை அது. ஏறுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார். மெத்தையை இறக்கினார், பாத்திரத்தை இறக்கினார், ஸ்டெப்னி டயரை இறக்கினார், தண்ணீர்த் தொட்டியைத் திறந்து விட்டார். வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு என்னையும் இறங்கச் சொன்னார்.

"நான்தான அண்ணாச்சி வண்டிய ஓட்டப் போறேன்?"

"ஏலே, பருப்ப எடை போட்டா சாக்கு எடையக் கழிப்பமா, மாட்டமா? நீ சாக்குலே."

இத்தனை வருஷ மண்டிப் பழக்கம் அது. சாக்கைக் கழிக்காமல் எடை சொன்னால் அது ஏமாற்று. நேர்மையான வியாபாரி அப்படிச் செய்ய மாட்டார். இதில் சாக்கு எது, பருப்பு எது என்றுதான் அவர் மாற்றிப் போட்டுவிட்டார். காலி வண்டியின் எடையைச் சுத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "எம்பது போதும் அண்ணாச்சி" என்றாள்.

"பாத்தியா! நான் சொன்னது எம்பத்தஞ்சு. அஞ்சு லாபம்." வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார். போனில் இரண்டு பேருக்குச் சொன்னார். எதிரே வந்த ஒருவரிடம், காற்று என்ன எடை என்ன என்றே தெரியாதவரிடம், வண்டியை நிறுத்திச் சொன்னார்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அக்காவிடமிருந்து போன். "ஏட்டி, வரும்போது ஆத்துத் தண்ணி கொண்டாட்டி. இங்கன தண்ணியெல்லாம் உப்புட்டி. மாத்திர முழுங்கக்கூட முடியல. கண்ண மூடுறதுக்குள்ள தாமிரவருணித் தண்ணி வயிறு நெறையக் குடிக்கணும்."

நம் ஊர்க்காரர்களைத் தெரியுமே உங்களுக்கு. தங்கத்தைக் கேட்டால் யோசிப்பார்கள், ஆற்றுத் தண்ணீரைக் கேட்டால் வீட்டையே கழற்றிக் கொடுப்பார்கள். அண்ணாச்சி வண்டியில் இருந்த தொட்டியை நிரப்பினார். அது போதாது என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே ஏற்றி அதையும் நிரப்பினார். குடங்களையும் நிரப்பினார். பிறகு அக்கா வீட்டுக்கு உளுந்து ஒரு மூட்டை, துவரை ஒரு மூட்டை, பித்தளை அண்டா ஒன்று. கடைசியாக அண்ணாச்சி ஏறினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது.

நாங்குநேரியில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணாச்சி அளவுக் கருவியை எடுத்து டயரில் வைத்துப் பார்த்தார். "ஏலே, காத்து ஏறிப்போய்க் கெடக்கு. தொண்ணூத்தஞ்சு காட்டுது. அவளுக்கு வலிக்கும், எறக்கு."

ஓடிச் சூடான டயரில் காற்று கூடத்தான் காட்டும், அதை இறக்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. இறக்கினேன். மறுபடி எண்பத்தைந்து. "நடுவாந்திரம்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி இன்னொரு வடை சாப்பிட்டார்.

நாலுவழிச் சாலையை விட்டுத் திசையன்விளைக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போனோம். ரப்பர் கருகுகிற வாடை. யாரோ வழியில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். குப்பையும் எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. அப்புறம் டப்பென்று ஒரு வெடி. பின்னால் இடது பக்கம் உள் டயர் போய்விட்டது. நாலில் ஒன்றுதான் என்பதால் வண்டி கவிழவில்லை, ஆனால் ஒரு குதி குதித்தது. கட்டில் இருந்தது அதற்கு நேர் பின்னால். மதினி கத்திய சத்தம் வெடிச் சத்தத்தை விடப் பெரியதாகக் கேட்டது.

அண்ணாச்சி ஓடினார். அந்த உடம்பு ஓடி நான் பார்த்ததில்லை. மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏளா, வலிக்கா? ரொம்ப வலிக்கா?" என்று கேட்டார்.

மதினி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "பாதி வலிக்கு. மீதிய நீங்க வச்சுக்கிடுங்க."

ஸ்டெப்னியை மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து திரும்பினோம். டாக்டர் வந்து பார்த்து, தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கொஞ்ச நாள் அசையக் கூடாது என்றார். திசையன்விளையிலிருந்து போன் வந்தது. "நீ வர மாட்டட்டி. எனக்குத் தெரியும். என்னத் தூக்குன பொறவுதான் வருவ" என்று அக்கா அழுதார். இந்தத் தடவை மதினிதான் போனை வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் அண்ணாச்சி வழக்கு எதையும் எடுக்கவில்லை. ஒருவர் வாய்க்கால் தகராறோடு வந்தார். "போவும்வே. வாய்க்காலாம்" என்று விரட்டிவிட்டார். எனக்குப் பயமாகவே இருந்தது.

மறுபடி அந்த டயர் கடைக்குப் போனோம். அந்தப் பெண் வெடித்த டயரைப் புரட்டிப் பார்த்தாள். "எம்பத்தஞ்சு வச்சும் இப்பிடிக் காந்திருக்கே. எடை போடும்போது உள்ள யாரு இருந்தா அண்ணாச்சி?"

"ஒருத்தரும் இல்லம்மா. சுத்தமா எறக்கிட்டுத்தான் போட்டோம்."

"சாமான்?"

"அதையும்தான்."

"தண்ணி?"

"தண்ணிக்கு என்னம்மா எடை? அது தண்ணிதான?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் தெரியும் எடை. ஆனாலும் ஆற்றுத் தண்ணீர் என்றால் எங்களுக்கு அது பிரசாதம் மாதிரி. பிரசாதத்துக்கு யார் எடை போடுவார்?

"டயரு காலி வண்டியவா சொமக்கு? போகும்போது என்னென்ன போவுமோ, அம்புட்டையும் ஏத்திட்டுப் போடுங்க. முன்சக்கரம் தனியா, பின்சக்கரம் தனியா" என்றாள்.

டாக்டர் அசையக் கூடாது என்ற நாட்கள் முடிந்ததும் எடைமேடைக்குப் போனோம், அங்கே ஒரு கூத்து. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, மதினியையும் படுக்க வைத்து, வண்டியை மேடையில் ஏற்றினேன். எடை போடுகிறவர், "ஆளுகள்லாம் எறங்குங்க!" என்று கத்தினார். அண்ணாச்சி உள்ளே போய்க் குசுகுசுவென்று, "ஏளா, நாலு பேரு பாக்க ஒன்ன எடை போட்டா கண்ணு பட்டுரும். ஒன்னத் தாங்கி எறக்கிட்டு, அப்புறமாக் கணக்குல சேத்துக்கிடுவோமா?" என்றார்.

மதினி ஜன்னல் திரையை விலக்கி வெளியே தலையை நீட்டினார். "நான் எறங்க மாட்டேன்! என்னையும் சேத்துத்தான் டயரு சொமக்கு. நல்லாப் போடும்வே எடைய! பக்கத்துல ஒருத்தரு நிக்காரு பாரும், அவரையும் சேத்துப் போடும். அவருதான் பாதி எடை!"

மேடையைச் சுற்றி நின்ற லாரி டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அசையாமல், போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி எடை கொடுத்தார்.

சீட்டைப் பார்த்துவிட்டு டயர் கடைப் பெண், "முன்னால தொண்ணூத்தஞ்சு. பின்னால நூத்தியஞ்சு. காலைல டயரு ஆறியிருக்கும்போது வைக்கணும். ஓடுன பொறவு கூடக் காட்டினா எறக்கக் கூடாது" என்றாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தச் செருமல் தெரியும்.

"தாயி, நூத்தியஞ்சு வச்சா என் வீட்டுக்காரிக்கு முதுகு ஒடஞ்சிரும். நீ நூத்தியஞ்சுங்க. அவ அறுவதுங்கா. ஒரு தொண்ணூறுக்கு வாயேன்."

"அண்ணாச்சி, இது என்ன சேலைக் கடையா?"

"தொண்ணூத்தி ரெண்டு?"

"நான் சொல்லலாம். டயரு கேக்கணும்லா?"

அண்ணாச்சி கடை வாசலில் போய் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதிக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு ஆளைப் பார்த்திருக்கிறார், அது ஒரு டயர். வண்டியில் ஏறி மதினியிடம் போனார். நான் வாசல் படியில் நின்றேன்.

"ஏளா, நூத்தியஞ்சுதான் வைக்கணுமாம்."

"வையுங்க."

"குலுங்கும்ளா."

"குலுங்கட்டும்."

"வலிக்கும்."

மதினி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஆபரேஷன் முடிஞ்ச நாள்ல இருந்து எல்லாரும் எங்கிட்ட, வலிக்காது வலிக்காதுன்னே சொல்லுதிய. வலிக்கத்தான் செய்யி. இப்பதான் ஒரு உண்மையச் சொல்லிருக்கிய. எனக்காவக் காத்த எறக்குதேன் எறக்குதேன்னு என்னையே உருட்டிப்புட்டியளே. என் முதுக நான் பாத்துக்கிடுதேன். நீங்க டயரப் பாருங்க."

அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏ டிரைவரே, பஸ்ல ஏறினா நீரு கடைசி சீட்டுக்கா ஓடுவீரு?"

"இல்ல மதினி. நடு சீட்டுக்குத்தான்."

"பொறவு என்ன எழவுக்கு என்னக் கடைசி சீட்டுல போட்டு வச்சிருக்கிய?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சினிமாக்காரர்கள் போட்ட கட்டில், அது அங்கேதான் இருக்கும் என்று நினைத்துவிட்டோம். தச்சரைக் கூப்பிட்டுக் கட்டிலைக் கழற்றி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் போட்டோம். பல்புக் கண்ணாடி குறுக்கே நின்றது, அதைக் கழற்றி மண்டியில் மாட்டினார்கள். பருப்பு வாங்க வருகிறவர்கள் நடிகர்கள் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு போனார்கள்.

தூரப் பயணத்துக்கும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு நாள் காலையில், டயர் குளிர்ந்து கிடக்கும்போது, சொன்ன அளவுக்குக் காற்றை வைத்துக் கிளம்பினோம். வலிக்காமல் இல்லை, பிள்ளைகளே. கட்டில் நடுவில் இருந்ததால் பழையபடி தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான். வேகத்தடை வந்தால் மதினி திட்டுவார். தடையை வைத்தவனைத் திட்டுவார், அதற்கு உத்தரவு போட்டவனைத் திட்டுவார், கடைசியில் என்னைத் திட்டுவார். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து இடுப்புக்குத் தலையணை கொடுத்துக்கொண்டே வந்தார். நாங்குநேரியில் டீ குடித்தபோது அளவுக் கருவியை எடுத்தார். நான் அவர் கையையே பார்த்தேன். டயரை அளந்தார். கூடத்தான் காட்டியது. கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு வடை வாங்கப் போய்விட்டார்.

ரப்பர் வாடை வரவில்லை. செம்மண் காடும் பனையும் வந்தன. திசையன்விளை வந்தது.

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். மதினியை நானும் அண்ணாச்சியும் கைத்தாங்கலாக இறக்கினோம். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். நான் அழுகையை எதிர்பார்த்தேன்.

"என்னட்டி, இப்பிடித் தடிச்சிட்ட?" என்றார் அக்கா.

"நீ மட்டும் என்ன, நூலாவா நிக்க? எடைமேடைக்கு வா, தெரியும்" என்றார் மதினி.

அப்புறம்தான் அழுதார்கள். அக்கா ஒரு செம்பு ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, இன்னொரு செம்பு குடித்து, மூன்றாவது செம்பைத் தலையில் ஊற்றிக்கொண்டார். தெருவே குடத்தோடு வந்து வரிசையில் நின்றது. இரண்டு தொட்டியும் காலியாகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வழக்கு வந்தது. அண்ணாச்சி சாயங்காலமே திரும்ப வேண்டும். மறுநாள் மண்டியில் லோடு இறங்குகிறது, அவர் இல்லாமல் நடக்காது. அக்கா, "ஒரு வாரம் இருந்துட்டுப் போட்டி" என்று மதினியின் சேலையைப் பிடித்துக்கொண்டார். மதினி அண்ணாச்சியைப் பார்த்தார். லோடு இறங்குவது அவருக்கும் தெரியும்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் பாதி, மூன்றரை நாள். லோடும் வீணாகும், அக்காவுக்கும் போதாது, இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கும். சரியான தீர்ப்பு.

அண்ணாச்சி எழுந்து வெளியே போனார். வண்டியைச் சுற்றி வந்தார். குனிய முடியாத உடம்பு குனிந்து, பின் டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"தண்ணியெல்லாம் எறக்கியாச்சு. எடை கொறஞ்சிட்டு. காத்த மாத்தி வைக்கணும். சூட்டோட வைக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லியிருக்கா. டயரு ஆறட்டும், காலைல பாப்போம்" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நியாயமான பேச்சு.

மறுநாள் காலையில் நான் அளவுக் கருவியோடு போனேன். டயர் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அண்ணாச்சி வந்து தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் ஆறல" என்றார்.

"அண்ணாச்சி, ஜில்லுன்னு இருக்கே."

"ஒனக்குத் தெரியாதுலே. உள்ள சூடு இருக்கு."

அன்றைக்கு மண்டியிலிருந்து விடாமல் போன் வந்தது. லோடு வந்து நிற்கிறது, எங்கே இறக்க என்று கேட்டார்கள். என்னிடம் போனைக் கொடுத்து, "டயரு ஆறலன்னு சொல்லு" என்றார். சொன்னேன். "ஆறவே இல்லியா?" என்று அவர்கள் கேட்டார்கள். "ஆறவே இல்ல" என்றேன். உள்ளே அக்காவும் தங்கையும் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. ஒருவர் போனை வைக்க முடியாத சண்டை. நடுநடுவே சிரிப்பும் கேட்டது.

அதற்கு அடுத்த நாளும் ஆறவில்லை. அதற்கும் அடுத்த நாளும் ஆறவில்லை.

வாரம் முடியப் போகிற சமயத்தில் ஒரு நாள் அந்தச் செம்மண் ஊருக்கு அதிசயமாக மழை வந்தது. காலையிலிருந்தே கொட்டியது. வண்டிக்குக் கீழே தண்ணீர் ஓடியது. டயர் ஆறும் பாதி அளவுக்கு முங்கி நின்றன. அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு போய், வேட்டி நனைய நனையக் குனிந்து, டயரைத் தொட்டார்.

உள்ளே இருந்து மதினியின் குரல். "என்னங்க, டயரு ஆறிட்டா?"

"ஏளா, எங்க ஆறிச்சு? கொதிக்கி" என்றார் அண்ணாச்சி.